பெரிய எழுத்தில் ஒரு வரி

மார்ச் 3, திங்கள்

போதும், இவ்வளவு நாள் பேசாமல் இருந்தது. தீவுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பவுசர் லொறிகளின் சங்கத்துத் தரவுத்தளத்துக்குக் கட்டளைகளை எழுதுகிறவன் நான். SELECT, UPDATE, WHERE போன்ற சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுவதுதான் முறை. நான் தொழில் பழக்கிய நிரோஜன் இன்று எங்கள் குழுத் தலைவன். எல்லார் முன்னாலும் சொல்கிறான்: "அண்ணை, உங்கட கோட் கத்துது. இப்ப திரையே நிறம் போட்டுக் காட்டுதுதானே. சின்ன எழுத்தே போதும்."

குழுவில் இருக்கும் லோஜனா சிரித்தாள். அதையும் மறக்க மாட்டேன்.

மார்ச் 5

ஏதோ கருவியை ஓடவிட்டு, நான் எழுதிய அத்தனையையும் ஐந்து நிமிடத்தில் சின்ன எழுத்தாக்கிவிட்டான். கடைசியாக மாற்றியவர் என்று வரிக்கு வரி இப்போது அவன் பெயர்.

மார்ச் 11

ஆகா! மடத்துவெளிக்குப் போகும் பவுசர் பழுது. அந்த ஊரின் தண்ணீர் முறையை மட்டும் வெள்ளிக்கு மாற்றக் கட்டளையை ஓடவிட்டோம். எல்லா ஊருக்கும் மாறிவிட்டது! இங்கே எங்கள் ஊர் சரவணையில் பக்கத்து வீட்டு யோகம்மா அக்கா வேலியால் எட்டிக் கத்துகிறா: "வெள்ளிக்கிழமைதான் தண்ணியாம். அதுவரைக்கும் நான் எங்க குளிக்கிறது, உம்மட கொம்பியூட்டருக்குள்ளயோ?"

பார்த்தேன். WHERE இல்லை! எந்த ஊர் என்று சொல்லும் பகுதியே இல்லை. எல்லாம் சின்ன எழுத்தாகக் குவிந்து கிடந்தால் யார் கண்ணில் படும்? பக்கத்தில் நிரோஜன் பெயர். அவனை இந்த வேலையிலிருந்து எடுக்கச் சொல்லிச் சங்கம் நிற்கிறது. எனக்கோ சந்தோஷம். குழுவின் இணையப் பக்கத்தில் போட ஒரு கட்டுரை எழுதுகிறேன். நீளமாக!

மார்ச் 12

ஆதாரத்துக்கு, அவன் மாற்றுவதற்கு முந்திய பழைய பிரதியைத் திறந்தேன். பெரிய எழுத்தில் அழகாக நிற்கிறது: UPDATE. SET. அவ்வளவுதான்.

WHERE அங்கேயும் இல்லை.

என்ர வரி. பட்டியலில் மடத்துவெளி மட்டும் இருந்த காலத்தில் எழுதினது. பிறகு மற்ற ஊர்கள் சேர்ந்தபோது நான் திரும்பிப் பார்க்கேல்லை. அவ்வளவு பெரிய எழுத்து — என்ர கண்ணுக்கே படேல்லையே?

லோஜனா எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, நிரோஜன் அண்ணா வேலையை விடப்போறாராம். தான்தான் பிழை விட்டதெண்டு நினைக்கிறார். சாப்பிடவும் இல்லை."

மார்ச் 13

கட்டுரையை அழித்தேன். பெரிய எழுத்துதான் முறை. அதில் இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பழைய வரியை, திகதியோடு, அப்படியே குழுவின் பக்கத்தில் போடப்போகிறேன். மேலே ஒரு வசனம்: "பிழை நிரோஜனுடையது அல்ல, இந்த வரி முன்பே இப்படித்தான் இருந்தது."

என் பெயரைப் போட மனம் வரவில்லை. போடாமலே அனுப்புகிறேன்.

குழுவில் பெரிய எழுத்தில் எழுதுகிறவன் நான் ஒருவன்தான்.