கூடத்துச் சேறு

1964 ஜூலை, செவ்வாய் இரவு, மரைன் ஹில்.

ஊருக்குப் போகிறவர் படியிறங்கியதும் வீட்டைப் பெருக்கித் துடைக்கக் கூடாது. தெரிந்தேதான் ஞாயிறன்று துடைத்தேன். இன்னொரு தீவிலிருக்கும் ரங்கத்துக்கு லாஞ்ச் படகைப் பிடிக்கக் கிளம்பிய என் வீட்டுக்காரர், சேற்றுக் காலோடு கூடம் முழுக்க நடந்துவிட்டுப் போன ஆத்திரம் எனக்கு.

நேற்றே திரும்ப வேண்டிய லாஞ்ச் வரவில்லை. படகுத்துறை ஜெட்டியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, "கடல்ல தூஃபான்", புயல் என்று மட்டும் சொன்னார். நான் துடைத்த தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு தடம்கூட இல்லை.

இன்று விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் அவர் குரல். முழங்கால் வரை சேறு. உள்ளே வராமல் நின்றார்.

"இஞ்சின் நின்னு போச்சு. ராத்திரி பூரா கடல்லதான் கிடந்தோம். கால் கழுவ பானி குடு, இல்லாட்டி நீ கத்துவே."

"அப்படியே உள்ள வாங்க."

அவர் தூங்கிய பிறகு மண்டியிட்டுத் துடைத்தேன். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு முறை, முருகா என்றேன். கதவருகே இருந்த கடைசித் தடத்தில் கை நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை மறுபடியும் போகிறாராம்.

அந்த ஒரு தடம் அப்படியே கிடக்கட்டும். உள்ளே எடுத்துவைத்த கால் அது.