கடுதாசி மூட்டையும் ஜெயாவின் அளவு நாடாவும்

அன்பு மகன் விமலனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் வீட்டு ஹீட்டருக்குப் பழகிய உடம்பு இந்த மலைத் தோட்டத்தில் இரண்டு ஸ்வெட்டருக்குள்ளும் நடுங்குகிறது, மற்றபடி நாங்கள் நலம். நீயும் திலகாவும் குட்டியும் நோய்நொடியில்லாமல் இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் உன் அப்பா குறுக்கே விழுந்து கதையை மாற்றிவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

மெல்பர்னிலிருந்து வந்து கதவைத் திறந்தால், நாங்கள் இல்லாத மாதங்களில் வந்த கடுதாசியையெல்லாம் பக்கத்து வீட்டுத் தங்கம்மா உரச் சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். கரண்டு பில், பேங்கு கடிதம், எப்போதோ முடிந்துபோன கல்யாணங்களின் பத்திரிகை, எல்லாம் ஒன்றாக. உன் அப்பா என்னைத் தொடவிடவில்லை. "பேக்டரியில காலம் முழுக்கத் தேயிலையத் தரம் பிரிச்சவன், எனக்குக் கடுதாசி பிரிக்கத் தெரியாதா?" என்று கூடம் முழுக்கப் பரப்பினார். பெரிய உறை ஒரு பக்கம், சின்ன உறை ஒரு பக்கம், பழுப்பு உறை அலமாரியடியில். ஒன்றையும் திறக்கவில்லை. முதலில் தரம் பிரிக்க வேண்டுமாம். நான் ஒரு வாரம் காகிதத்தைத் தாண்டித் தாண்டித்தான் அடுப்படிக்குப் போனேன்.

அப்போதுதான் ஜெயா வந்தாள், பேக்டரியில் தேயிலை பேக்கிங்கில் வேலை செய்யும் பெண், புதிதாகக் கல்யாணமானவள். கையில் அளவு நாடா. நேராக ஜன்னலை அளக்கப் போனவள் என்னைப் பார்த்ததும், "ஐயோ ஆன்ட்டி, நீங்க மொத்தமா போயிட்டீங்கன்னுல்ல சொன்னாங்க!" என்று அலறினாள். எஸ்டேட் கொடுத்த வீடுதானே, நாங்கள் இன்னும் குடியிருக்கிறோமா என்று கேட்டு எஸ்டேட் ஆபீஸ் கடுதாசி அனுப்பியிருக்கிறது, பதில் போகாததால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உன் அப்பாவின் முகம் சுண்டிப்போய்விட்டது. நீ நடை பழகிய வீடல்லவா. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து தேடினோம், பாவம் அந்தப் பெண்ணும்தான். அலமாரியடியில் அவள் கைக்கே அந்த ஆபீஸ் கடுதாசி கிடைத்தது. ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டிருந்ததுகூடத் தெரியாமல் உன் அப்பா ஆபீசுக்கு ஓடினார், பின்னால் நானும். அங்கே கணக்கெழுதும் கிராணி லிங்கேஸ்வரன் அமைதியாகச் சொன்னார்: "அங்கிள், இந்தக் குளிருக்கு இனிமே எவன் திரும்பி வருவான்னு கடையில நின்னு சொன்னது நீங்கதானே? ஊரே கேட்டுச்சு லா."

நான்தான், "தம்பி, இவரு பேச்ச நம்புறதா இருந்தா எங்க வீட்ட எப்பவோ எடுத்திருக்கணும்" என்றேன். கிராணி சிரித்துவிட்டார். அவரே மேனேஜரிடம் பேசி வீட்டை எங்களுக்கே திருப்பி எழுதிக் கொடுத்தார். ஜெயாவுக்கு எங்கள் லயத்து வரிசையிலேயே கடைசி வீடு கிடைத்தது. குடிபோன அன்று நான்தான் பால் காய்ச்சிக் கொடுத்தேன்.

இப்போது தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே உன் அப்பா வாசலுக்கு ஓடுகிறார். நேற்று தங்கம்மா வீட்டுக் கடுதாசியையும் பிரித்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். நீயும் அவர் பிள்ளைதான், மேசை மேல் சேர்த்து வைக்காமல் வந்ததை அன்றே பிரித்துப் பார். குட்டிக்குக் காதை மூடித் தொப்பி போடு. எல்லா நலமும் உங்களைத் தேடி வரட்டும். சித்திரையில் கட்டாயம் வாருங்கள், குட்டி இங்கே தவழ வேண்டும். அதற்குள் எப்படியாவது தரையைக் காலி செய்ய வைக்கிறேன்.

ஆசியுடன்,
சின்ன உறைகளுக்கும் பெரிய உறைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா