மாசானத்தின் ரத்தம்

நிலா, தென்முனை நிலையம். திங்கள், காலை 7:10
எழுதுவது டாக்டர் பிலோமினா. காற்று, தண்ணீர் சரி. இங்கே நானும் மெக்கானிக் மாசானமும்தான். அவருக்குக் கல்லீரல் கெட்டுக்கொண்டே வருகிறது. குடிப்பழக்கம் இல்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸின் வெளியுறையை ரத்தத்தில் தேடும் மேலுறைச் சோதனை இந்த முறையும் நெகட்டிவ். அவர் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குகிறது என்று முடிவு செய்து ஸ்டீராய்டு தொடங்கியிருக்கிறேன். நிம்மதி.

வியாழன், மாலை 6:40
நிம்மதி போச்சு. இன்டர்காமில் மாசானம்: "டாக்டரம்மா, கண்ணு மஞ்சளாயிட்டு. கல்யாணத்துக்கு நலுங்கு வச்ச மாதிரி இருக்கேன்லா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளி, காலை 11:25
ரத்தத்தில் வைரஸின் டி.என்.ஏ.வையே தேடினேன். பாசிட்டிவ். மேலுறையை வெளியே காட்டாமல் ஈரலுக்குள் பதுங்கியிருந்திருக்கிறது. சும்மா கிடந்ததை என் ஸ்டீராய்டு உசுப்பிவிட்டது. இதற்கான மாத்திரை இங்கே கிடையாது. மேலுறைச் சோதனையில் தேறியவர்களுக்கு எதற்கு என்று யாரோ ஒரு மேதாவி கொடுக்காமல் விட்டுவிட்டார்.

வெள்ளி, மதியம் 3:05
எங்களைப் பூமிக்குக் கூட்டிப்போகும் கப்பல் வந்துகொண்டிருக்கிறது. அதன் செய்தி: "மேலுறை நெகட்டிவ்னா ரெண்டு பேரும் ஏறலாம். வேற எதுவும் நாங்க கேக்க மாட்டோம்."
சொல்லாமல் ஏற்றிவிடலாம். ஆனால் இங்கேயும் கப்பலிலும் ரத்த வங்கி கிடையாது. அவசரத்துக்கு ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதுதான் வழக்கம். மாசானத்தின் ரத்த வகை ஓ நெகட்டிவ், யாருக்கும் ஏற்றலாம்; முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரிடமே கேட்டேன். "உள்ளதைச் சொல்லிருங்க டாக்டரம்மா. என் ரத்தம் இன்னொருத்தனைக் கெடுக்க வேண்டாம்."
சொன்னேன்.

சனி, காலை 9:50
கப்பல்: "பாசிட்டிவ் ஆளை ஏத்த விதியில இடமில்ல. மாத்திரை சரக்குக் கலத்துல வரும், மாசக்கணக்காகும். நீங்க மட்டும் கிளம்புங்க டாக்டர்."
அவர் ஈரல் அதுவரை தாங்காது. கத்தினேன். விதியையே திருப்பிச் சொன்னார்கள்.

சனி, மதியம் 1:15
பெட்டியை எடுத்தபோது தொடைத் தழும்பு வலித்தது. போன வருஷம் துளைப்பான் கிழித்த காயம். அன்று எனக்கு ஏறியது மாசானத்தின் ரத்தம்.
என் மேலுறைச் சோதனை: நெகட்டிவ்.
டி.என்.ஏ. சோதனை ஓடுகிறது. பயமாக இருக்கிறது.

சனி, மாலை 5:30
பாசிட்டிவ்.
கப்பலுக்கு அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. ஜன்னலில் அதன் விளக்கு தெரிகிறது, மெல்ல வந்த வழியே திரும்புகிறது.
மாசானத்திடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? இன்டர்காம் அடிக்கிறது.
"டாக்டரம்மா, கப்பல் வெளக்கு தெரியுது. நல்லபடியா போயிட்டு வாங்க."