நீ கலைத்த வரிசை

பாப்பாவுக்கு,

என் சொல் அட்டைகள் முந்நூற்றுப் பதினெட்டையும் நீ கலைத்துவிட்டாய். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க வேண்டும் என்றிருந்தேன், சொல்லிவிட்டேன். இங்கே உன் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்கிறீர்களா, குளிர் குறைந்ததா, அவருக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

நீ கலைத்ததாக நினைக்கவில்லை, அடுக்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதுதான் எனக்கு ஆறவில்லை. லீவு முடிந்து கிளம்பும் நாளில், நாங்கள் கண் டாக்டரிடம் காத்துக் கிடந்த மூன்று மணி நேரத்தில், தகரப் பெட்டியைத் திறந்து அத்தனை இங்கிலீஷ் சொற்களையும் ஏ முதல் இசட் வரை அடுக்கி, எழுத்துக்கு ஒரு கலர் பிளாஸ்டிக் நாக்கும் செருகி, அப்பா இனிமே எதையும் தேட வேண்டாம் என்று சீட்டு வேறு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் என்றைக்கு எதைத் தேடினேன் என்று நீ பார்த்தாய்? மில்லில் முப்பத்தொரு வருடம் டைம் ஆபீசில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று குறித்தவன் நான். ஒரு சங்குக்கும் அடுத்த சங்குக்கும் நடுவில், பழைய பேப்பர் கடையில் வாங்கிய அட்டை போன அகராதியை வைத்துக்கொண்டு, காலத்தையும் வரிசையையும் சொல்லும் சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடித்து, மீந்துபோன டைம் கார்டுகளின் பின்பக்கத்தில் எழுதினேன். எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அடுக்கியதும் என் புத்திதான்.

என் வரிசை இதுதான்: ஒரு சொல் எந்தச் சொல்லை இழுத்துக்கொண்டு வருகிறதோ, அதன் பின்னால் அது. மணியைச் சொல்லும் ஹவர் அட்டைக்குப் பின்னால் மினிட், மணியை முதல் தடவை பொடிப்பொடியாக நறுக்கியது. அதன் பின்னால் செகண்ட், இரண்டாம் தடவை நறுக்கியது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் நாலும் பெயரிலேயே லத்தீனில் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணை வைத்துக்கொண்டு, ஒரு காலத்தில் வருடம் மார்ச்சில் பிறந்தது என்று சாட்சி சொல்லும். கூடப் பிறந்த அந்த நாலையும் நீ நாலு மூலைக்கு விரட்டிவிட்டாய். நூன் மட்டும் நவம்பர் பக்கத்தில் இருக்கிறது. நூன் என்பதும் ஒன்பதுதான், விடிந்ததிலிருந்து ஒன்பதாவது மணி, அது மெல்ல மெல்ல நகர்ந்து உச்சிவெயிலுக்கு வந்து சேர்ந்தது. அது சரியான இடத்தில் இருப்பது தற்செயல், அதற்காக நான் உன்னைப் பாராட்டப் போவதில்லை. ஆர்டர் என்ற அட்டையை எடுத்துப் பார்த்திருந்தாலாவது உனக்கு உறைத்திருக்கும். தறியில் இழைகளை வரிசையாக நிறுத்துவதற்குத்தான் முதலில் அந்தப் பெயர். நம் மில்லில் பாவு நூலை யாராவது நிறம் பார்த்துப் பிரித்து அடுக்கினால் மேஸ்திரி என்ன பேசுவார் என்று உனக்குத் தெரியும்.

போனில் நான் கத்தியது உண்மை. இனி என் சாமானைத் தொடுவதாக இருந்தால் இந்த வீட்டுப் பக்கமே வராதே என்றேன். நீ சரிப்பா என்று வைத்துவிட்டாய். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, உன் போன் வரவில்லை. உன் அம்மா ஒன்பது மணிக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள், பத்தரைக்கு எழுந்து போகிறாள், என்னோடு பேசுவதில்லை.

நானே திரும்ப அடுக்கிவிடலாம் என்று கூடத்தில் அட்டைகளைப் பரப்பினேன். இவற்றைப் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்ட அச்சகக்காரர் இருபதாம் தேதி வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், கொடுத்த வரிசையில்தான் அவர் அச்சடிப்பார். நாற்பத்தோராவது அட்டையோடு கை நின்றுவிட்டது. அடுத்தது எது என்று தெரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்தேன், தெரியவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் துணி தேய்த்துக்கொண்டிருந்த உன் அம்மா, தலையைக்கூடத் திருப்பாமல், செகண்டுக்கு அப்புறம் அதர் வைங்க, இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டாவதுக்குச் சொந்தமா பேரே இல்ல, அதர், அதாவது மத்ததுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான், அப்புறம் செகண்டை இரவல் வாங்கினான்னு தினம் சொல்லிச் சிரிப்பீங்களே, என்றாள். ஒரு இங்கிலீஷ் எழுத்து தெரியாதவள். சாயங்காலம் சாயங்காலம் நான் பெட்டியை முதலிலிருந்து சத்தமாகப் படித்ததை, இருபத்தாறு வருடமாகத் தேய்ப்புப் பெட்டியோடு நின்று கேட்டிருக்கிறாள். நான் எனக்குப் படிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். தொண்ணூற்றிரண்டு அட்டை வந்ததும் தேய்ப்புப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, மீதி பொண்ணுக்கு லெட்டர் போட்டப்புறம், என்றாள். போனிலேயே சொல்லிவிடுகிறேனே என்றதற்கு, வேண்டாம், போன்ல நீங்க திரும்பக் கத்துவீங்க, பேப்பர்ல கத்தினா அவ மடிச்சு வச்சுக்குவா, என்றாள். வராதே என்று சொன்னதை வாபஸ் வாங்க வேண்டுமாம். வாங்கிக்கொள்கிறேன். அட்டைகளைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட வாங்க மாட்டேன், அதை அவளிடமும் சொல்லிவிட்டேன்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். இனி ஆக வேண்டியது இவ்வளவுதான். இதைத் தபாலில் சேர்க்க வேண்டியது நான். தொண்ணூற்று மூன்றிலிருந்து சொல்ல வேண்டியது உன் அம்மா. அவள் சொல்லச் சொல்ல அட்டையின் மூலையில் பென்சிலால் எண் போட வேண்டியது நான், இத்தனை வருடம் போடாமல் விட்டது என் தப்பு என்று அவள் சொல்கிறாள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் நாக்குகளை அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டியது நீ. இருபதாம் தேதிவரை பொறுக்க வேண்டியது அச்சகக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் போன் செய்ய வேண்டியது நீ. எடுக்க வேண்டியது நான்.

இப்படிக்கு,
கோபம் தீராத
அப்பா