தெளிந்துபோன கரித்தண்ணீர்

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நிலக்கரி கழுவிய தண்ணீரில் பெரிய துகள்கள் உடனே அடியில் தங்கும், நுண்துகள்கள் நாள்கணக்கில் மிதக்கும் என்று காட்ட நானும் செல்வியும் ஒரு பாட்டிலில் கலக்கி வைத்திருந்தோம். காலையில் தண்ணீர் பளிச்சென்று தெளிந்திருந்தது!

"கருப்பா அசிங்கமா இருந்துச்சுடி. எங்க வீட்டுக் குடத்துல போடற மாதிரி படிகாரம் போட்டுட்டேன்" என்றாள் செல்வி பெருமையாக.

எனக்கு அழுகை வந்தது. அதற்குள் நடுவர் வந்து எங்கள் விளக்க அட்டையைப் படித்துவிட்டு, "மிதக்கற துகள் எங்கம்மா?" என்றார். செல்வியின் முகம் சுருங்கிவிட்டது.

"படிகாரம் போட்டா அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கனமாகி அடியில தங்கிடும் சார். இது செல்வி யோசனை" என்றேன்.

பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் எங்கள் வீடுகள் இருக்கும் லாஸ்பேட்டை வரும்வரை, அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றே செல்வி உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தாள். அது செல்வி யோசனை என்று நான் சொன்னது பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன்.