தவிட்டுக்கு வாங்கிய பேர்

4 செப்டம்பர் 1955, ஞாயிறு

பத்திரிகையில் என் பத்தியை மூன்றாம் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பக்கத்தில் மலச்சிக்கல் மாத்திரை விளம்பரம். போகட்டும். அந்த விளம்பரத்தைத் தேடி வருகிறவர்கள் நிதானமாக உட்கார்ந்து படிக்கிறவர்கள்.

'உலகத்து ஆண்பிள்ளைப் பெயர்கள்', பதினேழாவது வாரம். கப்பல் கம்பெனியில் மாலுமிகளின் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கும் குமாஸ்தாவுக்கு இதைவிட மலிவான இலக்கியம் கிடையாது. கையெழுத்துப் போட வருகிறவனை நிறுத்தி, உன் பெயருக்கு என்னய்யா அர்த்தம் என்று கேட்டுவிடுவேன். இந்த வாரம் நார்வேக்காரன் பியோர்ன். கரடியாம். ஆள் கொக்கு மாதிரி இருந்தான். கிரேக்கன் அலெக்சாண்ட்ரோஸ், மனிதரைக் காப்பவன். சமையல் உதவியாள், அந்தக் கப்பலில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு.

மங்களத்துக்கு ஏழாவது மாதம். பத்தியை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இந்தப் பிள்ளைக்குப் பேரு கீரு தேடாதீங்க," என்றாள். நான் தேடவில்லை. ஆபீஸ் மேஜை இழுப்பறையில் நாற்பது பெயர் எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

7 செப்டம்பர்

தூக்கம் சரியில்லை. பட்டியலை எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன். முதல் பையனுக்கு ராஜேந்திரன் என்று வைத்தோம். அரசர்க்கெல்லாம் அரசன் – ஒன்பது நாள் இருந்தான். இரண்டாமவன் விஜயன். வெற்றி. மூன்று மாதம். அர்த்தம் பார்த்துப் பார்த்து வைத்தவன் நான்தான். மங்களம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருக்கும்.

18 செப்டம்பர், ஞாயிறு

அப்துல் கஃபாரோடு காப்பிக்கடை. பஃபலோ ரோட்டில் மசாலாக் கடை வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்து வீடு. அவர் பெயருக்கு அர்த்தம், மன்னிப்பவனின் அடியான். சீட்டாட்டத்தில் அடியானிடம் மன்னிப்பே கிடையாது.

இன்று பேச்சு அசிங்கப் பெயர்கள் பக்கம் திரும்பியது. நான் திருப்பவில்லை. காப்பி ஆற்றும் சீனரை எல்லாரும் ஆ காவ் என்றுதான் கூப்பிடுகிறோம். நாய் என்று அர்த்தமாம்! அடையாள அட்டையில் கிம் சான், தங்கமலை. தங்கமலை என்று கூப்பிட்டால் பேய் காதில் விழுந்து தூக்கிக்கொண்டு போய்விடுமாம். நாயை எந்தப் பேய் சீந்தும் என்று அவர் அம்மா யோசித்திருக்கிறார். லாரி ஓட்டும் மலாய்க்காரர் புவாங், தன் பெயருக்கு 'தூக்கி எறி' என்று அர்த்தம் சொல்லிச் சிரித்தார். அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. வங்கி வாசலில் காவலுக்கு நிற்கும் கசீட்டா சிங்கையும் வழியில் கேட்டுவிட்டேன். இழுபட்டவன். பிறந்தவுடன் தரையில் இழுத்தார்களாம். ஆறடி இரண்டு அங்குலம், இழுத்ததில் நீண்டிருக்கலாம்.

"எங்க குடும்பத்துலயும் உண்டு லா. எங்க பெரியத்தா பேரு பிச்சைக்கனி," என்றார் கஃபார். "உங்க ஆளுங்கள்ல எப்படி முத்தண்ணே?"

"எங்க ஆளுங்கள்ல அதெல்லாம் இல்ல," என்றேன்.

சொன்னது பொய். என் பெயர் பிச்சைமுத்து. என் அம்மா எட்டு வீட்டில் மடியேந்தி அரிசி வாங்கிக் காய்ச்சிக் குடித்துவிட்டு எனக்கு வைத்த பெயர். சிங்கப்பூரில் இறங்கிய அன்றே முன்பாதியைத் துறைமுகத்தில் விட்டேன். ஒன்பது வருஷமாக இந்தச் சந்தில் நான் முத்து சார். அடையாள அட்டையை யாரிடமும் நீட்டியதில்லை. மங்களமோ புருஷன் பெயரைச் சொல்லாதவள். சொன்னால் என் ஆயுள் குறையுமாம். வாசலில் பிச்சைக்காரர் வந்தால்கூட, "கேக்குறவரு வந்திருக்காரு" என்பாள். என்ன மரியாதை பாரு என்று சந்தே மெச்சுகிறது.

25 செப்டம்பர், ஞாயிறு

வாசகசாலையில் பேசினேன். 'தமிழனுக்குத் தலைநிமிர்ந்த பெயர்.' குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி ஆகியவற்றைக் கடலில் எறியுங்கள் என்று மேஜையைக் குத்தினேன். பலத்த கைதட்டல். கஃபார் முன்வரிசையில் எழுந்து நின்றே தட்டினார். மாலையை வாங்கும்போது கழுத்து அரித்தது.

9 அக்டோபர்

சண்டை. மங்களம் முடிவு பண்ணிவிட்டாள். பிறந்ததும் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டுமாம். பெற்ற பிள்ளையெல்லாம் தங்கியிருக்கிற ஒருத்தி, முறத்தில் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். பேரும் அவள்தான் வைக்க வேண்டும், ஒன்றுக்கும் உதவாத பேராக. பிறகு நாம் 'வளர்க்க' வாங்கிக்கொள்வது. எமனை ஏமாற்றும் வியாபாரம்.

"போன மாசம் மேடையில என்ன பேசினேன்னு தெரியுமாடி?"

"மேடைக்காப் பிள்ளை பொறக்கப் போவுது?"

 அடுத்த பத்திக்கு எழுதுவதாக இருந்த அலெக்சாண்டர் பெயர்ப் பரம்பரையை ஓரமாக வைத்தேன்.

30 அக்டோபர், ஞாயிறு

பையன். மூன்றே முக்கால் பவுண்டு. கோழி விற்பது மாதிரி அல்லவா எடை சொல்கிறார்கள்.

3 நவம்பர்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பால் இழுக்கத் தெம்பில்லை. இரண்டு மணிக்கொருமுறை பீய்ச்சி, சொட்டுக்குழாயால் விடச் சொல்கிறார் டாக்டர். விட்டதில் பாதி கடைவாயில் வழிகிறது. நான் இழுப்பறைப் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தேன். தொட்டிலைப் பார்த்தேன். மடித்து வைத்தேன்.

6 நவம்பர், ஞாயிறு

பகுத்தறிவு படும் பாட்டை யாராவது பார்க்க வேண்டும். கெர்பாவ் ரோட்டில் மாட்டுத்தீவனம் விற்கும் மாணிக்கத்திடம் நானே போய், குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் தவிடு வேண்டும் என்றேன்.

"என்னா சார், மாடு வாங்கிட்டீங்களா? சொல்லவே இல்ல!"

"கொஞ்சமா போதும்."

"கொஞ்சத்துக்கு மாடு எழுந்துக்காதே சார்."

காகிதப் பொட்டலத்தை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு வந்தேன். எதிரே வாசகசாலைச் செயலாளர். அடுத்த கூட்டத்துக்குத் தேதி கேட்டார். மடியிலிருந்து தவிடு உதிர்ந்துகொண்டே இருந்தது.

7 நவம்பர்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

வாங்க வந்தவர் கஃபாரின் மனைவி ஆமினா பீவி. ஏழு பெற்று ஏழும் கொழுகொழுவென்று இருக்கிறது. முக்காட்டை இழுத்துவிட்டு, முறத்தை நீட்டி, நான் வாங்கி வந்த தவிட்டைக் கொட்டினார். மங்களம் பிள்ளையை அவர் கையில் வைத்தாள். சொல்லிவைத்தபடி ஆமினா பீவி சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, "அய்ய! இதுக்கா தவுடு குடுத்தேன்? மாடாவது தின்னிருக்கும்!" என்றார். அருமையான நடிப்பு. எனக்கே கோபம் வந்தது.

பிறகு குனிந்து பிள்ளை காதில் மூன்று தடவை பெயரைச் சொன்னார்.

"பிச்சை. பிச்சை. பிச்சை."

மங்களம் என்னைப் பார்த்தாள். நான் மேற்கூரையைப் பார்த்தேன். எத்தனை குப்பை இருக்கிறது, மண் இருக்கிறது, தவிடே இருக்கிறது! ஒன்பது வருஷம் நான் ஒளித்து வைத்ததன் பலன்: ஆமினா பீவிக்குத் தெரிய வழியே இல்லை.

8 நவம்பர்

மங்களம் பிள்ளையை 'இந்தா' என்கிறாள்.

9 நவம்பர்

பால் இன்னும் வழிகிறது. மங்களம் பக்கத்து வீட்டுக்குப் போய், வேற பேரு வைக்கலாமா அக்கா என்று கேட்டிருக்கிறாள்.

"வெச்சத மாத்துறதா? அது வித்ததத் திரும்பக் கேக்குற மாதிரில்ல தங்கச்சி? பிள்ளையோட பேரச் சொல்லி நாலு பேரு காதுல விழுற மாதிரி கூப்பிடு. நீ கூப்பிட்டே நான் கேக்கல. அப்பத்தானே இது ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு அதுக்குத் தெரியும்?"

எந்த 'அதுக்கு' என்று ஆமினா பீவி சொல்லவில்லை, மங்களமும் கேட்கவில்லை. ஏன் கூப்பிட மாட்டேங்கிறே என்று அவர் கேட்டதற்கு இவள் அழுதாளே தவிர வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்? காரணத்தைச் சொன்னால் பெயரைச் சொன்னதாகிவிடும்.

நானே போனேன். கஃபாரிடம் அடையாள அட்டையை நீட்டினேன். வாசித்தார், மறுபடி வாசித்தார், மசாலா மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது.

"அப்ப அன்னைக்கு நீங்க கடல்ல எறியச் சொன்னது உங்க பேரையா? நான் எந்திரிச்சு நின்னுல்ல கை தட்டினேன்!"

உள்ளேயிருந்து ஆமினா பீவி, "அல்லாவே, தெரியாமப் போச்சே," என்றார். சிரிப்பு அதோடு நின்றது.

10 நவம்பர்

மங்களத்திடம் பேசினேன். கூப்பிட்டுத் தொலை, எனக்கு நாற்பத்தாறு ஆகிறது, குறைகிற ஆயுள் குறையட்டும், அதை இவன் கணக்கில் போட்டுக்கொள் என்றேன். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது வேடிக்கையாக இல்லை.

"நீங்க சுலபமா சொல்லிட்டீங்க. ரெண்டு பேரும் எனக்கு வேணுமில்ல? ஒருத்தரைக் குடுத்து ஒருத்தரை வாங்கச் சொல்றீங்களே, நான் என்ன கடையா வெச்சிருக்கேன்?"

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அவளிடம் சொல்ல இன்று எனக்கு யோக்கியதை இல்லை. வேட்டியில் இன்னும் தவிடு.

11 நவம்பர்

ஆபீசில் இரண்டு மாலுமிகளை மாற்றிப் பதிந்துவிட்டேன். டாக்டர் புதுக் குழாய் கொடுத்தார், முனை வளைந்தது. பிள்ளை அழக்கூட இல்லை. அழேண்டா.

12 நவம்பர், சனி

அரை நாள் வேலை. வீட்டுக்கு வந்து பின்கட்டில் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். பாதி முகத்தில் சோப்பு. உள்ளேயிருந்து ஒரு குரல்.

"பிச்சை..."

முதலில் யார் குரல் என்றே தெரியவில்லை. இருபது வருஷத்தில் அந்த வாயில் நான் கேட்காத சொல்.

"டேய் பிச்சை! கண்ணத் தொறடா! பிச்சை!"

"என்ன? என்ன வேணும்?" என்று நான் கத்தியோடு உள்ளே ஓடினேன்.

"உங்கள இல்ல!" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்திய கைக்குள்ளேயே சிரித்தாள், அதற்குள்ளேயே அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆமினா பீவி, "இன்னும் சத்தமா தங்கச்சி!" என்றார். மங்களம் கூப்பிட்டாள். சந்து முழுக்கக் கேட்டது. ஒன்பது வருஷத்து ரகசியம் ஐந்து நிமிஷத்தில் காலி. காப்பிக்கடை வரை போயிருக்கும்.

சாயங்காலம் ஒன்றரை அவுன்ஸ் குடித்தான். வழியவில்லை. பெயரா, வளைந்த முனையா? பகுத்தறிவுவாதி என்ற முறையில் வளைந்த முனை என்று எழுதிவைக்கிறேன்.

மங்களம் நாலு தடவை வந்து என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

16 நவம்பர்

பிறப்புப் பதிவு. பட்டியல் சட்டைப்பையிலேயே இருந்தது. படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். கண்ணாடி போட்ட எழுத்தர், பெரிய மனுஷன் செய்கிற தவறைப் பார்த்த இரக்கத்தோடு, "ஐயா, பிள்ளை பேரு போடுற எடத்துல உங்க பேர்ல பாதிய எழுதிட்டீங்க," என்றார். இல்லை தம்பி, சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், பிள்ளை பிச்சை, அப்பன் பிச்சைமுத்து என்றேன். இந்த ஊரில் என் முழுப்பெயரை ஒரு மேஜை முன்னால் உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. இடி விழவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

27 நவம்பர், ஞாயிறு

இந்த வாரப் பத்தியில் ஒரே பெயர். கீழே என் பெயர், முழுசாக. வாசகசாலையிலிருந்து இன்னும் யாரும் பேசவில்லை.

4 டிசம்பர்

ஐந்து பவுண்டு.

15 ஜனவரி 1962, திங்கள்

குவீன்ஸ்டவுனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஏழாவது மாடி. குழாயைத் திறந்தால் தண்ணீர், கதவைத் திறந்தால் எட்டு வீட்டுக் கதை; எனக்கு வேறென்ன வேண்டும்?

இன்று பள்ளிக்கூடத்து ஆசிரியை வரச் சொல்லியிருந்தார். என்னவோ ஏதோ என்று போனேன். முதலாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு வாரமாகவில்லை.

"உங்கள் மகன் பீட்டர் நன்றாகப் படிக்கிறான். ஆனால் என் பதிவேட்டில் பீட்டரே இல்லை," என்றார்.

பையன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்து பெஞ்சில் ஒரு பீட்டர் இருக்கிறானாம், அவனிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறான். பாறை என்று அர்த்தம். நான் சொல்லவில்லை.

வழியில் பஸ்ஸில், "ஏண்டா?" என்றேன்.

"எல்லாரும் சிரிக்கிறாங்கப்பா. டீச்சர் பேர கூப்பிட்டா நான் கை தூக்க மாட்டேன்."

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். காது நுனி சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராஜேந்திரனும் விஜயனும் தங்கள் பெயருக்கு வெட்கப்படும் வயதுவரை வரவில்லை. இவன் வந்துவிட்டான்.

இறங்கும் இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, அவனுக்குப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தேன்.