மொழிபெயர்ப்பில் நான் மறைத்த சொற்கள்

அனுப்புநர்:
மரிசேலா கந்தூ,
பதினோராம் வகுப்பு,
சான் ஃபெரோல் உயர்நிலைப் பள்ளி, தெற்கு டெக்சாஸ்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
சான் ஃபெரோல் பள்ளி மாவட்டம்.

பொருள்: என் சித்தி மகள் யூரிதியா பள்ளியில் துன்புறுத்தப்படுவது, அவளது மனநலக் கோப்பில் உள்ள பொய்யைத் திருத்தக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. யூரிதியாவுக்கு வயது பதினைந்து. சென்ற ஆகஸ்டில் மெக்சிகோவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வராது. எனக்கு ஸ்பானிஷ் அரைகுறை. பள்ளியின் மரியாச்சி என்னும் மெக்சிகோ மரபிசைக் குழுவில் இரண்டு ஆண்டுகளாக நான்தான் முதன்மைப் பாடகி. அக்டோபரில் அந்த இடம் அவளுக்குப் போனது. அவள் பாடியதைக் கேட்டு என் அப்பா அழுதார். நான் பாடி அவர் ஒருநாளும் அழுததில்லை.

2. வகுப்பில் அவள் ஆங்கிலம் வாசிக்கத் திணறியதைக் கைப்பேசியில் பதிவு செய்து, மாணவர்களுக்கு அனுப்பியவள் நான். அதன்பின் உணவுக்கூடத்தில் அவள் தட்டோடு வந்தாலே, “ஏய், இமிக்ரேஷன் வேன் வந்துடுச்சு, ஓடுடி ஓடு!” என்று கத்தினார்கள். கத்தியவர்களில் பலருடைய பெற்றோரும், குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களைப் பிடித்துப்போகும் அதே வேனுக்குப் பயந்தவர்கள்தான். அவள் கழிப்பறையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு சாப்பிடுவதையே குறைத்தாள். பாடுவதை நிறுத்தினாள். பாட்டு என்னிடம் திரும்பி வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மகிழ்ந்தேன்.

3. என் அம்மா முறையிட்டபோது துணை முதல்வர், “பொண்ணுங்க சண்டைதானே, தானா சரியாயிடும்” என்றார். ஜனவரி 14 அன்று பள்ளியின் மனநல ஆலோசகர் அவளை அழைத்தார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. உறவுக்காரி என்பதால் மொழிபெயர்க்க என்னையே கூப்பிட்டார். யூரிதியா என்னைப் பார்த்துக்கொண்டே, “காலையில கண்ணு முழிக்காமலே இருந்துட்டா நல்லாருக்கும்னு தோணுது. எல்லாத்தையும் ஆரம்பிச்சது இவதான்” என்றாள். “ஊர் ஞாபகமா இருக்காம்” என்று நான் சொன்னேன். கோப்பில் அதுவே பதிவாகியுள்ளது.

4. அன்று மாலையே அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் வேலைக்கு விடுப்பெடுத்து அவளுடனேயே இருக்கிறார். அவள் தலையை அவர் கோதும்போது இப்போதும் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்காக என்னை எந்த ஆலோசகரிடம் அனுப்பினாலும் போகிறேன்.

5. ஆகவே, அவள் சொன்னதை உள்ளபடி கோப்பில் ஏற்றி, ஸ்பானிஷ் அறிந்த மனநல ஆலோசகரை இந்த வாரமே அவளுக்கு ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். இனி எந்த மாணவரையும் மொழிபெயர்க்க அழைக்க வேண்டாம். விசாரணையில் முதல் பெயராக என்னுடையதைச் சேர்க்கவும்.

இம்மனுவை யூரிதியாவுக்கு ஸ்பானிஷில் முழுவதும் சொல்லிக் காட்டினேன். மூன்று இடங்களில் என் ஸ்பானிஷைத் திருத்தினாள். இந்த மாதத்தில் அவளாக என்னிடம் பேசியது அவ்வளவுதான். மூன்றிலும் அவள் சொன்னதே சரி.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
மரிசேலா கந்தூ

இடம்: சான் ஃபெரோல்
நாள்: 22.01.2019